செய்து பார்க்காத விஞ்ஞானமும் எங்கள் பிள்ளைகளின் புள்ளியும்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவரும் ஒவ்வொரு முறையும் தோட்டப் பாடசாலைகளில் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "தமிழ் நல்லா வந்திருக்கு, சமயம் நல்லா வந்திருக்கு, வரலாறும் பரவாயில்ல. விஞ்ஞானத்துக்கு மட்டும் ஏன் டீச்சர் இப்படி?" பிள்ளை ஒழுங்காகப் படிக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். பலர் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள். நான் அதை ஏற்றுக்கொள்வதில்லை. விடிய நாலு மணிக்கு எழும்பி, குப்பி விளக்கிலோ கைத்தொலைபேசி வெளிச்சத்திலோ பாடக்குறிப்பை வரிக்கு வரி ஒப்புவிக்கிற பிள்ளைகளை எங்கள் லயங்களில் எல்லோரும் பார்க்கிறோம். அந்தப் பிள்ளைகளும் விஞ்ஞானத்தில் விழுகிறார்கள். எங்கே விழுகிறார்கள் என்று வினாத்தாளைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

விஞ்ஞானப் பாடத்துக்கு இரண்டு வினாத்தாள்கள். முதலாவதில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம். இரண்டாவது மூன்று மணித்தியாலம். அதில் நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்களுக்கும் கட்டாயம் விடை எழுத வேண்டும். அதற்குப் பிறகு ஐந்து கட்டுரை வினாக்களில் மூன்றைத் தெரிவு செய்ய வேண்டும். செய்முறைப் பரீட்சை என்று தனியாக ஒன்று இல்லை. இந்த ஒரு காரணத்தை வைத்துக்கொண்டுதான் செய்முறை வேலையே தேவையில்லை என்று பல பாடசாலைகள் முடிவு கட்டிவிட்டன. ஆனால் அந்த இரண்டாவது வினாத்தாளைத் திறந்து பாருங்கள். ஒரு படம் இருக்கும்: முகவை, சோதனைக்குழாய், தாங்கி, வெப்பமானி. இந்த உபகரணத்தின் பெயர் என்ன, இதை ஏன் இப்படிப் பொருத்தியிருக்கிறார்கள், என்ன அவதானிக்கலாம், கட்டுப்பாட்டுப் பரிசோதனையை எப்படி ஒழுங்கு செய்வாய் என்று கேட்டிருப்பார்கள். இன்னோர் இடத்தில் ஓர் அட்டவணையைத் தந்து வரைபு வரையச் சொல்லியிருப்பார்கள், அல்லது வரைபையே தந்து அதிலிருந்து கணிக்கச் சொல்லியிருப்பார்கள். பரீட்சை மண்டபத்துக்குள் ஆய்வுகூடம் இல்லை என்பது உண்மை. ஆனால் கேள்வி ஆய்வுகூடத்துக்குள் இருந்துதான் வருகிறது. முகவையைக் கையால் தொட்டே பார்க்காத பிள்ளை அதை மனப்பாடத்தால் தாண்ட முடியாது.

ஒரு பரிசோதனையை மட்டும் எடுத்து விரிவாகச் சொல்கிறேன், பெற்றோருக்கும் விளங்கும். இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. வெயிலில் நின்ற செடியிலிருந்து ஓர் இலையைப் பறித்துக் கொதிநீரில் அமிழ்த்த வேண்டும். பிறகு அதை மதுசாரத்தில் இட்டு, அந்தக் குழாயைக் கொதிநீருள்ள முகவைக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும். பச்சையம் மதுசாரத்துக்குள் இறங்கிவிடும், இலை வெளுத்து நொறுங்கும் தன்மைக்கு வரும். அதை மறுபடி நீரில் கழுவி அயடீன் கரைசலைத் துளித்துளியாக விட்டால் கருநீல நிறம் தோன்றும்.

பிள்ளைகள் இந்த ஒழுங்கை ஒப்புவிப்பார்கள், ஒரு சொல் பிசகாது. ஆனால் வினா ஒப்புவிக்கச் சொல்வதில்லை. மதுசாரத்தை ஏன் நேரடியாகச் சுடரில் வைத்துச் சூடாக்கக் கூடாது என்று கேட்கும். அது தீப்பற்றும் திரவம். அதனால்தான் நீர்த்தொட்டி முறை. செடியை முதலில் ஏன் 48 மணித்தியாலம் இருட்டில் வைத்தார்கள் என்று கேட்கும். இலையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் மாப்பொருளை நீக்குவதற்காக. கொதிநீரில் முதலில் ஏன் அமிழ்த்தினார்கள், கடைசியில் ஏன் கழுவினார்கள் என்று கேட்கும். ஒரு தடவையாவது அந்த வெளுத்த இலையை விரலால் தொட்டுப் பார்த்த பிள்ளை, கழுவாவிட்டால் இலை காய்ந்த பப்படம் மாதிரி உடையும் என்று தானாகவே சொல்லும். தொடாத பிள்ளை, குறிப்பில் இல்லாத கேள்வி வந்துவிட்டது என்று பேனாவை வைத்துவிடும்.

இந்தப் பரிசோதனைக்கு என்ன செலவு? ஒரு போத்தல் ஸ்பிரிட், மருந்துக் கடையில் வாங்கும் ஒரு சிறு குப்பி அயடீன், வேலியில் நிற்கும் செவ்வரத்தை இலை. வெள்ளையும் பச்சையும் கலந்த இலைச் செவ்வரத்தை கிடைத்தால் இன்னும் நல்லது. பச்சை இருந்த இடம் மட்டும் கறுக்கும், வெள்ளை இருந்த இடம் அயடீன் நிறத்திலேயே நிற்கும். பச்சையம் இல்லாமல் ஒளித்தொகுப்பு இல்லை என்பதற்கு அதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

அப்படியானால் ஏன் நடப்பதில்லை? சும்மா ஆசிரியரைக் குறை சொல்லி முடிக்க முடியாது. தோட்டங்களில் பாடசாலை நடத்தும் பொறுப்பு 1920ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் மூலம் தோட்ட நிர்வாகத்திடம் விடப்பட்டது. எழுத, வாசிக்க, நாலு கணக்குப் போடத் தெரிந்தால் போதும் என்ற அளவில் நடந்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடங்கள் அவை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் எங்கள் பள்ளிக்கூடங்கள் வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கும் வேலை 1970களில்தான் நடந்தது. ஆய்வுகூடம் என்ற எண்ணமே இல்லாமல் கட்டப்பட்ட கட்டடத்தில் பிறகு வகுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். தரம் 11 வரை உயர்ந்த பாடசாலைகளில்கூட ஆய்வுகூடம் என்று பெயர் எழுதிய அறையில் நெற்சாக்கும் உடைந்த கதிரையும் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். நல்ல ஆய்வுகூடங்கள் கட்டப்பட்ட காலமும் உண்டு, மறுக்கவில்லை. அவை பெரும்பாலும் பஸ் போகும் பாதையோரத்துப் பெரிய பாடசாலைகளுக்கே போய்ச் சேர்ந்தன.

ஆசிரியர் விஷயமும் அப்படித்தான். 2015ஐ ஒட்டி மலையகப் பாடசாலைகளுக்கு 3,000க்கும் மேற்பட்ட உதவி ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். ஆரம்பத்தில் மாதம் 6,000 ரூபாய், பிறகு 10,000 ரூபாய் கொடுப்பனவு. அந்தக் காசில் குடும்பத்தையும் பார்த்து, பயிற்சிக் கல்லூரிக்கும் போய்த்தான் ஒரு தலைமுறை ஆசிரியர்கள் உருவானார்கள். உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தவர்கள் பலர், ஆள் இல்லாத காரணத்தால் விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். அவர்கள் செய்முறையைத் தவிர்ப்பது சோம்பலால் அல்ல. சுடரடுப்பை மூட்டி, ஏதாவது வெடித்துப் பிள்ளைக்குக் காயம் பட்டால் யார் பொறுப்பு என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. அதைப் போக்குவதற்கு வலயக் கல்விப் பணிமனையின் விஞ்ஞான ஆசிரிய ஆலோசகர் வருடத்தில் ஓரிரு நாளாவது தோட்டப் பாடசாலைக்கு நேரில் வந்து, செய்முறையை ஆசிரியரோடு சேர்ந்து செய்து காட்ட வேண்டும். பதிவேட்டில் கையொப்பம் இட்டுவிட்டுப் போவது மேற்பார்வை ஆகாது.

இந்த இடைவெளியை டியூஷன் நிரப்பும் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். சனிக்கிழமை காலையில் ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பக்கமிருந்து மாத்தளை டவுனுக்கு வரும் பஸ்களைப் பாருங்கள். பாதிச் சனம் டியூஷன் பிள்ளைகள்தான். வகுப்புக் காசு, பஸ் காசு, பகல் சாப்பாட்டுக் காசு என்று கூட்டினால் தாயின் ஒரு நாள் பேர் அதோடு போய்விடும். அங்கே நூறு நூற்றைம்பது பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் அடைத்து, ஒலிவாங்கியில் கடந்த கால வினாத்தாள் விடையைச் சொல்வார்கள். கெட்டிக்கார ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த மண்டபத்தில் யாரும் சோதனைக்குழாயைக் கையில் எடுக்கப் போவதில்லை. பாடசாலையில் இல்லாததை அங்கேயும் கொடுப்பதில்லை. வேறு நிறத் தாளில் அதே குறிப்பைத்தான் கொடுக்கிறார்கள். டியூஷனுக்கு அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அனுப்பிவிட்டோம், கடமை முடிந்தது என்று இருக்க வேண்டாம் என்கிறேன்.

இனி வரைபு. புள்ளி சிந்துவது அதிகம் இங்கேதான். அதைவிடக் கவலை, கொஞ்சம் பழகினாலே கைக்கு வந்துவிடும் புள்ளி இது.

கொழுந்து லொறி ஒன்று மடுவத்திலிருந்து புறப்படுகிறது என்று வையுங்கள். 10 செக்கனில் அதன் வேகம் பூச்சியத்திலிருந்து செக்கனுக்கு 8 மீற்றராகிறது. அடுத்த 20 செக்கன் அதே வேகத்தில் ஓடுகிறது. பிறகு பிரேக் பிடித்து 4 செக்கனில் நிற்கிறது. இதை வேக – நேர வரைபாக வரைந்தால் ஏறும் கோடு ஒன்று, கிடையான கோடு ஒன்று, செங்குத்தாக இறங்கும் கோடு ஒன்று. அந்தக் கிடையான பகுதியைக் காட்டி லொறி என்ன செய்கிறது என்று கேட்டால், வகுப்பில் பாதிப்பேர் "நிற்கிறது" என்பார்கள். இடப்பெயர்ச்சி – நேர வரைபில் கோடு கிடையாக இருந்தால்தான் நிற்கிறது. வேக – நேர வரைபில் கிடையாக இருந்தால் மாறாத வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கோட்டின் வடிவத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் இல்லாததால் வரும் பிழை இது.

மிச்சம் சுலபம். முதற் பகுதியின் படித்திறன் 8ஐ 10ஆல் பிரித்தால் 0.8, அது ஆர்முடுகல். கடைசிப் பகுதியில் 8ஐ 4ஆல் பிரித்தால் 2, அது அமர்முடுகல். கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு போன தூரம்: முதல் முக்கோணம் 40, நடுச் செவ்வகம் 160, கடைசி முக்கோணம் 16, எல்லாம் சேர்ந்து 216 மீற்றர். முக்கோணத்துக்கும் செவ்வகத்துக்கும் பரப்பளவு காண்பது கீழ் வகுப்புகளிலேயே படித்த கணக்கு. பிள்ளைக்குக் கணக்குத் தெரியும், அந்தக் கணக்கு இங்கே வேலை செய்கிறது என்பதுதான் தெரியாது.

வரையும்போது நடக்கும் பிழைகளும் பழக்கத்தால் வருபவைதான். நாங்கள் மாற்றிப் பார்க்கும் கணியம் சாராமாறி, அது கிடை அச்சில். அதனால் மாறுவது சார்மாறி, அது நிலைக்குத்து அச்சில். அச்சின் பெயரையும் அலகையும் எழுதாமல் விட்டால் அதற்குரிய புள்ளி போய்விடும். அளவுத்திட்டம் எடுக்கும்போது ஒரு பெரிய சதுரத்துக்கு 3 என்றும் 7 என்றும் வைத்துக்கொண்டு பிறகு இடையிலுள்ள புள்ளியைக் குறிக்கத் தடுமாறுவார்கள். 1, 2, 5, 10 என்று வைத்தால் கண் தானாகப் பிடிக்கும். வரைபு தாளின் ஒரு மூலையில் பூச்சி மாதிரிக் கிடக்கக் கூடாது, தாளின் பாதிக்கு மேல் பரவ வேண்டும். புள்ளிகள் ஏறத்தாழ நேராகப் போனால் அடிமட்டம் வைத்து ஒரே கோடு போட வேண்டும், கோலம் போடுவது போல ஒன்றோடொன்று தொடுக்கக் கூடாது. படித்திறன் காணப் பெரிய முக்கோணமாக எடுக்க வேண்டும். இவ்வளவையும் கரும்பலகையில் எழுதிப் போட்டால் இரண்டு நாளில் மறந்துவிடும். பத்து வரைபைத் தன் கையால் வரைந்த பிள்ளைக்கு மறக்காது. வரைபுத்தாள் வாங்கக் காசில்லை என்றால் கணக்குக் கொப்பியின் சதுரக் கட்டமே பழகப் போதும்.

எங்கள் பிள்ளைகளுக்கு அட்டவணைக்குப் பஞ்சமே இல்லை. அம்மா ஒவ்வொரு நாளும் எடுத்த கொழுந்தின் நிறை, துண்டில் எழுதி வீட்டுக்கு வருகிறது. ஒரு மாதத்துத் துண்டுகளைச் சேர்த்து நாளுக்கு எதிரே நிறையை வரையச் சொல்லுங்கள். மழை பெய்த கிழமைக்குப் பிறகு எப்படி ஏறுகிறது, வெயில் காலத்தில் எப்படி விழுகிறது என்று தெரியும்.

அதே கொழுந்துத் தராசு இன்னொரு பாடத்தையும் கற்பிக்கும். எந்த மானியைப் பயன்படுத்துவதற்கு முன்னும் அது பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது செய்முறையின் முதற்பாடம். நிற்காவிட்டால் அது பூச்சிய வழு. ஒன்றும் தொங்காதபோதே முள் பூச்சியத்துக்குக் கீழே அரைக் கிலோ இறங்கி நின்றால், ஒவ்வொரு நிறுவையிலும் அரைக் கிலோ குறைவாகவே காட்டும். ஒரு நாளைக்கு மூன்று தரம் நிறுத்தால் ஒன்றரைக் கிலோ. 25 நாளுக்கு முப்பத்தேழரைக் கிலோ. சாக்கு நிறைக்கும் தண்ணீருக்கும் என்று கழிப்பது வேறு கணக்கு. இந்தப் பாடத்தைப் படித்த பிள்ளையின் தாய் மடுவத்தில் சும்மா நிற்க மாட்டார், "தராச ஒருக்கா வெறுமையாக் காட்டுங்க கணக்கப்பிள்ளை" என்று கேட்பார். பரீட்சைக்குப் படிப்பது வேறு, தொழிலாளர் உரிமை வேறு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கலாம்.

அமிலமும் மூலமும் படிக்கப் பாசிச்சாயத்தாள் இல்லையென்று பாடத்தை நிறுத்த வேண்டியதில்லை. பிளேன்டியில் தேசிக்காய் பிழிந்தால் நிறம் வெளுக்கிறது, அப்பச்சோடா போட்டால் கறுக்கிறது. மஞ்சள் தண்ணீரில் சவர்க்காரம் பட்டால் சிவக்கிறது. தேயிலை விளைவிக்கும் எங்களுக்குத் தேத்தண்ணியே ஒரு காட்டி. இறப்பர் மலையில் வேலை செய்யும் அப்பாவுக்குப் பாலில் போமிக் அமிலம் விட்டால் உறையும் என்பதும், ஸ்டோருக்குப் போகும் வரை உறையாமல் இருக்க அமோனியா விடுவார்கள் என்பதும் நன்றாகத் தெரியும். தேயிலை மலைக்கு ஏன் டொலமைட் தூவுகிறார்கள் என்றால் மண்ணின் அமிலத்தைக் குறைக்க. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை வடித்தால் அதுதான் சுண்ணாம்பு நீர். முட்டைக் கோதில் வினாகிரி ஊற்றி வரும் வாயுவை ஒரு குழாய் வழியாக அதற்குள் விட்டால் பால்போல் கலங்கும். கோதை நொறுக்கிப் போட்டால் வாயு வேகமாக வரும். தாக்க வீதம் பற்றிய பாடமும் அதிலேயே வந்துவிடுகிறது.

ஒரு சுவையான சங்கதி. நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் உயரத்திலுள்ள தோட்டத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 97 பாகையிலேயே கொதிக்கும், அதற்கு மேல் ஏறாது. உயரத்தில் வளிமண்டல அமுக்கம் குறைவு, அதுதான் காரணம். செய்து பார்த்த பிள்ளை புத்தகம் பிழையோ வெப்பமானி பிழையோ என்று சண்டைக்கு வரும். வரட்டும், விஞ்ஞானம் அங்கேதான் தொடங்குகிறது. பரீட்சையில் மட்டும், சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் 100 பாகை என்று எழுதச் சொல்லுங்கள். வெப்பநிலையை நேரத்துக்கு எதிரே வரைந்தால் கோடு ஏறிவந்து கொதிக்கத் தொடங்கியதும் கிடையாகிவிடுவதையும் அந்தப் பிள்ளை பார்த்துவிடும். மறைவெப்பம் என்ற சொல் அதற்குப் பிறகு பயம் காட்டாது.

மழை விஷயத்தை நான் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மாத்தளை மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையே இடையில் நின்றது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மழை அளவு வைத்துத்தான் எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். வானொலியில் இந்த எண்ணைக் கேட்கும்போது எங்கள் லயத்தில் எத்தனை பேருக்கு அதன் பொருள் விளங்குகிறது? பக்கம் நேராக உள்ள ஒரு பிளாஸ்ரிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, வெட்டிய பகுதியைப் புனல் போலக் கவிழ்த்து வைத்து, அடியிலுள்ள வளைவை மறைக்கக் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் கொண்டு அடிமட்டத்தை ஒட்டினால் மழைமானி. பாடசாலை முற்றத்தில் ஒன்று, ஒவ்வொரு லயத்திலும் ஒன்று. தரம் 10 பிள்ளைகள் தினமும் காலையில் அளந்து சலாகை வரைபு வரையட்டும். பரீட்சைக்குப் பழக்கமும் ஆகும். இரவில் அடைமழை பிடித்தால் எப்போது சனத்தை எழுப்ப வேண்டும் என்று சொல்ல லயத்தில் ஒரு பிள்ளையும் இருக்கும். உத்தியோகபூர்வ அறிவித்தலுக்கு இது பதில் அல்ல. அறிவித்தல் வந்து சேராத நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருக்காமல் இருக்க.

வரைபு தெரிவது சங்கத்துக்கும் தேவை. எங்கள் அடிப்படை நாட்சம்பளம் 2019இல் 700 ரூபாய், 2021இல் 100 ரூபாய் கொடுப்பனவையும் சேர்த்து 1,000, 2024இல் 1,350. நிலைக்குத்து அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்காமல் 600இலிருந்து தொடங்கி ஒரு சலாகை வரைபு வரைந்தால், கடைசிச் சலாகை முதற்சலாகையைவிட ஏழரை மடங்கு உயரமாகத் தெரியும். பூச்சியத்திலிருந்து வரைந்தால் இரண்டு மடங்குகூட வராது. எண் ஒன்றுதான், படம் இரண்டு. அதே தாளில் விலைவாசியையும் வரைய வேண்டும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ நூற்றுக்கு 70 வரை போனது. பேச்சுவார்த்தை மேசையில் நிறம் நிறமாகப் படம் காட்டும்போது, "அச்சு எங்கேயிருந்து தொடங்குது?" என்று கேட்கத் தெரிந்த ஆட்கள் எங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர்கள் இன்றைக்கு தரம் 10 வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சங்கத்தின் வேலை சம்பளப் போராட்டம், சோதனைக்குழாய் வாங்குவது அரசாங்கத்தின் வேலை என்று எங்கள் தோழர்களிலேயே சிலர் சொல்கிறார்கள். அரசாங்கத்தின் வேலைதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பிள்ளைக்காம்பரா, லயத்துக்குத் தண்ணீர்க் குழாய், மலசலகூடம் எல்லாமே கேட்டு, கடிதம் எழுதி, வேலை நிறுத்தி வாங்கியவை. பாடசாலை ஆய்வுகூடத்தைக் கோரிக்கைப் பட்டியலில் நாங்கள் எப்போதாவது சேர்த்தோமா? விஞ்ஞானத்தில் சாதாரண சித்தியோடு நின்ற பிள்ளைக்கு உயர்தர உயிரியல் பிரிவின் கதவு திறப்பதில்லை. அந்தக் கதவு மூடினால் தாதியர் பயிற்சியும் மூடுகிறது. வைத்தியசாலையில் எங்கள் தாய்மாரோடு தமிழில் பேச ஆள் இல்லை என்று ஒவ்வொரு மாநாட்டிலும் தீர்மானம் போடுகிறோம். அந்த ஆள் தரம் 11இல் அமைப்புக் கட்டுரை வினாவில் தடுக்கி விழுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். 9 ஏ எடுத்த பிள்ளைக்குப் பொன்னாடை, கேடயம், மாலை, ஒலிபெருக்கி, மேடை என்று வருடா வருடம் செலவழிக்கிறோம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரு கேடயத்தின் விலையில் ஒரு பாடசாலைக்கு ஒரு வருடத்துக்கான அயடீனும் ஸ்பிரிட்டும் வரும். விழாவுக்குச் சேர்க்கும் காசில் பாதியை ஒரு பெட்டிக்கு ஒதுக்குவோம். இரண்டு வெப்பமானி, பத்துப் பன்னிரண்டு சோதனைக்குழாய், இரண்டு மூன்று முகவை, ஒரு விற்றராசு, டோர்ச் பற்றரியும் கம்பியும் சிறு மின்குமிழும், அம்பியரும் வோல்ற்றும் அளக்க ஒரு மல்ரிமீற்றர், பாதுகாப்புக்குக் கண்ணாடியும் ஒரு வாளி மணலும். இவ்வளவும் ஒரு மரப்பெட்டிக்குள் அடங்கும். பக்கத்துப் பக்கத்து மூன்று தோட்டப் பாடசாலைகள் முறைவைத்துப் பயன்படுத்தலாம்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. பெண்பிள்ளை பாடசாலை விட்டு வந்ததும் தண்ணீர், விறகு, தம்பிக்குச் சோறு என்று இருட்டிவிடுகிறது. ஆண்பிள்ளை கிரிக்கெட் மட்டையோடு போய்விடுகிறான். தரம் 10, 11இல் இருக்கும் பெண்பிள்ளைக்கு மாலையில் ஒன்றரை மணித்தியாலம் யாரும் வேலை சொல்லக் கூடாது. இது தகப்பன்மாருக்குச் சொல்வது. பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் முழுப் புத்தகத்தையும் மறுபடி ஒப்புவிப்பதை விட, கடந்த கால வினாத்தாளின் அமைப்புக் கட்டுரைப் பகுதியை நேரம் வைத்து எழுதிப் பழகுவது பலன் தரும். வாசிப்பதற்கென்று மேலதிகமாகத் தரும் 10 நிமிடத்தில் படங்களையும் வரைபுகளையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் இரண்டு விடயங்களை நிகழ்ச்சி நிரலில் போடும்படி கிளைத் தலைவர்மாரைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, தங்கள் பாடசாலையில் தரம் 10, 11 பிள்ளைகள் இந்தத் தவணையில் எத்தனை செய்முறை செய்தார்கள் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் அதிபரிடம் எழுத்தில் கேட்பது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் வலயக் கல்விப் பணிமனைக்கும் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் மாவட்டக் குழு போகும். மற்றது, ஸ்டோரில் வாட்டும் பகுதியிலும் காய்ச்சும் பகுதியிலும் வேலை செய்யும் தோழர்கள், பால் ஸ்டோரில் அமிலம் கலக்கும் தோழர்கள் இருந்தால் பெயர் தர வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை பாடசாலைக்கு வந்து, தாங்கள் வெப்பமானியை எப்படிப் பார்க்கிறோம், பாலுக்கு அமிலத்தை எப்படி அளக்கிறோம் என்று பிள்ளைகளுக்குக் காட்டினால் போதும். பஸ் காசு கிளை நிதியிலிருந்து கொடுக்கப்படும். வரும்போது அமிலம் கொண்டுவர வேண்டாம். அதை ஆசிரியர் ஏற்பாடு செய்வார்.